டில்லியிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோ எவ்வளவு தூரம்?

சென்னை எவ்வளவு தூரம் என்று இங்குள்ள தமிழ் மாணவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். “இரண்டு இரவு, ஒரு பகல்” என்றுதான் பதில் வரும். கிலோமீட்டர்க் கணக்கு வேண்டும் என்று வற்புறுத்தினால், 2,182 என்று விவரம் அறிந்தவர் சொல்லுவார். புது டில்லியிலிருந்து சென்னை சென்ட்ரல் வரையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடுகிற தூரம் அது. வண்டி நேரத்துக்குப் போனாலும் சரி, வழியில் நான்கு மணி நேரம் நின்றுவிட்டாலும் சரி, அந்த 2,182 மாறுவதில்லை. தண்டவாளம் போட்ட இடத்தில் கிடக்கிறது; கிலோமீட்டர்க் கற்கள் நட்ட இடத்தில் நிற்கின்றன.

ஆகாய மார்க்கத்தின் சங்கதி வேறு. அங்கே தண்டவாளமும் இல்லை, கல்லும் இல்லை. ஒரே விமான நிலையத்திலிருந்து ஒரே விமான நிலையத்துக்கு, ஒரே வகை விமானம், இந்த மாதம் ஒரு வழியில் போகிறது. அடுத்த மாதம் வேறு வழியில் போகிறது. தூரமும் மாறுகிறது, நேரமும் மாறுகிறது. தூரம் கூடினால் நேரமும் கூடும் என்பது பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கணக்கு. தூரம் கூடியும் நேரம் குறைகிற விந்தை ஆகாயத்தில் உண்டு.

நம்மில் பலர் மேற்படிப்புக்கோ வேலைக்கோ கடல் கடந்து செல்லும் எண்ணம் உடையவர்கள். ஏற்கெனவே சென்றுவிட்ட அண்ணனோ அக்காளோ உள்ளவர்களும் பலர். ஆகவே அத்தகையோர் நன்கறிந்த ஒரு பயணத்தையே இங்கு உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: டில்லியிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ. எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்னும் இந்த எளிய கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், பூமியின் வடிவம், காற்று, எஞ்ஜின், நாடுகளின் உறவு ஆகிய நான்கும் ஒவ்வொன்றாக வந்து பதில் சொல்லுகின்றன. நான்கு பதிலும் வெவ்வேறானவை.

நூல் காட்டும் தூரம்

சுவரில் மாட்டிய உலகப் படத்தைப் பார்த்தால், டில்லியிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு நேர் வழி மேற்கே போவதாகத் தோன்றும். அரபு நாடுகள், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் சமுத்திரம், பிறகு அமெரிக்காவின் குறுக்கே ஒரு கோடு. அடிக்கோலை வைத்து அந்தக் கோட்டை இழுத்தால் கணக்குத் தவறிவிடும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் இறக்கும்போது ஏதாவது ஒன்று சிதைந்தே தீரவேண்டும். 1569-ஆம் ஆண்டில் கெரார்டஸ் மெர்கேட்டர் என்பவர் மாலுமிகளின் உபயோகத்துக்காக வரைந்த முறையில், திசை பிழைக்கிறது. ஆனால் வடக்கே போகப் போகப் பரப்பு ஊதிப் போய்விடுகிறது. அந்தப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிடச் சுமார் பதினான்கு மடங்கு பெரியது.

சரியான வழி உருண்டையான பூகோளத்தின்மேல் ஒரு நூலைப் பிடித்துப் பார்ப்பதுதான். ஒரு நுனியை டில்லியிலும் மற்ற நுனியை ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் வைத்து இழுத்துக் கட்டினால், நூல் எங்கே படிகிறதோ அதுவே மிகக் குறுகிய வழி. ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். அறுபதாம் அட்சரேகையில் பூமியின் சுற்றளவு நிலநடுக்கோட்டில் இருப்பதில் சரிபாதி. அதாவது சுமார் 20,000 கிலோமீட்டர். அந்த ரேகையில் ஒன்றுக்கொன்று நேர் எதிர்ப்புறத்தில் இரண்டு ஊர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே நேராகப் போனால் பாதிச் சுற்று, 10,000 கிலோமீட்டர். வட துருவத்தின் மேலாகப் போனாலோ 60 பாகைதான். பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் ஏறத்தாழ 6,700 கிலோமீட்டர். படத்தில் வளைவாகத் தெரிவது பூமியில் குறுக்கு வழியாக அமைந்துவிடுகிறது.

டில்லிக்கும் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கும் இடையே பூமியின் மையத்தில் விழும் கோணம் 111 பாகைக்குச் சற்று மேல். ஆகவே நூல் தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர். அந்த நூல் படியும் வழியைப் பார்த்தால் வியப்பாயிருக்கும். மேற்கும் இல்லை, கிழக்கும் இல்லை. டில்லியிலிருந்து கிட்டத்தட்ட வடக்கே கிளம்புகிறது. இமயமலை, திபெத்து, சைபீரியா எல்லாம் கடந்து ஆர்க்டிக் சமுத்திரத்தைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்கி, கானடாவின் மேற்கோரமாக ஸான் பிரான்ஸிஸ்கோவை அடைகிறது. பெரிய விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் பறப்பவை. வகுத்துப் பார்த்தால் பதின்மூன்றே முக்கால் மணி நேரம் வரும்.

இதுதான் முதல் பதில். இரண்டு ஊரின் பெயரைக் கொடுத்தால் நொடியில் தூரத்தையும் நேரத்தையும் சொல்லிவிடும் கணக்குக் கருவிகள் இப்போது எல்லோர் கையிலும் இருக்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவை தருவது இந்தப் பதிலைத்தான். ஆனால் டில்லியிலிருந்து கிளம்பும் விமானங்கள் இந்த நூலின்மேல் அப்படியே போவதில்லை.

காற்று காட்டும் தூரம்

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவருக்குத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. ஓட்டத்தோடு போனால் துடுப்புக்கு வேலையில்லை; எதிர்த்துப் போனால் தோள் வலிக்கும். விமானமும் அப்படியே. மணிக்கு 900 கிலோமீட்டர் என்பது சுற்றியுள்ள காற்றில் அது போகும் வேகம். காற்றே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உடன் வந்தால், தரையைக் கொண்டு பார்க்கும்போது வேகம் 1,000 ஆகும். எதிரே வந்தால் 800 ஆகும்.

ஏறத்தாழ ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் நடுத்தர அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் குறுகிய காற்றாறுகள் இருக்கின்றன. வெப்ப மண்டலத்துக்கும் துருவப் பிரதேசத்துக்கும் உள்ள உஷ்ண வித்தியாசமும், பூமியின் சுழற்சியும் சேர்ந்து இவற்றை உண்டாக்குகின்றன. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் இவற்றுக்குச் சாதாரணம். குளிர்காலத்தில் அதற்கு மேலும் போவதுண்டு. 1920-களில் ஜப்பானிய வானிலை அறிஞர் வஸபுரோ ஓயிஷி பலூன்களை உயரே விட்டு இக்காற்றைக் கண்டறிந்தார். உலகம் முழுதும் படிக்கட்டும் என்று கருதித் தம் முடிவுகளை எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். அந்த மொழியைப் படிப்பார் அதிகம் இல்லாமையால் அந்தச் செய்தி வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில், 1944-இல், ஜப்பானுக்கு மேலே உயரப் பறந்த அமெரிக்க விமானிகள் இந்தக் காற்றில் சிக்கித் திகைத்த பிறகே உலகம் விழித்துக்கொண்டது.

1952 நவம்பர் 18-ஆம் தேதி பான் அமெரிக்கன் விமானம் ஒன்று வேண்டுமென்றே இந்தக் காற்றில் ஏறி டோக்கியோவிலிருந்து ஹானலூலுவுக்குப் பறந்தது. பதினெட்டு மணி நேரப் பயணம் பதினொன்றரை மணியாகச் சுருங்கிவிட்டது. நம் காலத்தில், 2020 பிப்ரவரியில், புயற்காற்று முதுகைத் தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் அடைந்தது. சாதாரணமாக அந்தப் பயணத்துக்கு ஆறரை மணி ஆகும்.

போகும்போது கிடைத்த லாபம் வரும்போது நஷ்டமாகிச் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். அப்படிச் சரியாவதில்லை. 9,000 கிலோமீட்டர் தூரத்தை எடுத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் போக 10 மணி, வர 10 மணி, ஆக 20. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று இருந்தால், போக 9 மணி. வருவதற்கோ பதினொன்றேகால் மணி. ஆக மொத்தம் இருபதேகால். எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்க வேண்டியிருப்பதால் நஷ்டம்தான் மிஞ்சும். இரண்டு பக்கமும் காற்று நம்மோடு வந்தால்தான் உண்மையான லாபம். அது எப்படி முடியும்?

உருண்டையான பூமியில் முடியும். 2015 டிசம்பரில் ஏர் இந்தியா டில்லி – ஸான் பிரான்ஸிஸ்கோ நேர் பயணத்தைத் தொடங்கியபோது, விமானம் ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாக மேற்கு நோக்கிப் போயிற்று. எதிர்க்காற்று. 2016 அக்டோபரில் அதே விமானத்தை மறுபுறம் திருப்பினார்கள். ஜப்பானைத் தாண்டி, பசிபிக் சமுத்திரத்தின் மேலாகக் கிழக்கு நோக்கி. அப்போது வெளியான கணக்குப்படி அட்லாண்டிக் வழி 13,900 கிலோமீட்டர். பசிபிக் வழி 15,300 கிலோமீட்டர். 1,400 கிலோமீட்டர் அதிகம். ஆயினும் பசிபிக் வழியில் பயணம் பதினான்கரை மணியாயிற்று. முன்னைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு. திரும்பி வரும்போது அட்லாண்டிக் வழியாகக் கிழக்கு நோக்கியே வந்தால், இரண்டு தடவையும் காற்று முதுகில். போய் வந்ததும் பூமியை ஒரு முறை சுற்றியதாகவும் ஆகிவிடும்.

சென்னைக்குப் போக அஸ்ஸாம் வழியாகச் சுற்றினால் சீக்கிரம் போகலாம் என்று ரயில்வேக்காரர் எவரும் சொன்னதில்லை. ஆகாயத்தில் சொல்லலாம்.

எஞ்ஜின் காட்டும் தூரம்

காற்று மட்டும் சாதகமாயிருந்தால் போதாது. ‘இப்போது ஏதேனும் கோளாறு நேர்ந்தால் எங்கே இறங்குவது?’ என்னும் கேள்விக்கு விமானியிடம் ஒவ்வொரு நிமிஷமும் பதில் இருக்கவேண்டும்.

நூல் வழி ஏன் திபெத்தின் குறுக்கே உதவாது என்பதற்கும் இக்கேள்வியே காரணம். உயரத்தில் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் குறைந்துபோனால், பயணிகளுக்கு மேலேயிருந்து பிராணவாயு முகமூடி விழும். அது சுமார் கால் மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அதற்குள் விமானம் 10,000 அடிக்கு, அதாவது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு, இறங்கியாக வேண்டும். திபெத்தின் பீடபூமியோ சராசரி நாலரைக் கிலோமீட்டர் உயரம். இறங்கவேண்டிய உயரத்தில் அங்கே பாறைதான் இருக்கிறது. ஆகையால் விமானங்கள் பெரும்பாலும் அந்தப் பிரதேசத்தை ஒதுக்கிச் சுற்றிப் போகின்றன.

சமுத்திரத்துக்கு மேலே வேறு விதி. இரண்டு எஞ்ஜின் உள்ள விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால், மற்றொன்றைக் கொண்டு குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஒரு விமான நிலையத்தை அடையும் தொலைவிலேயே எப்போதும் பறக்கவேண்டும். முற்காலத்தில் அது 60 நிமிடம். எஞ்ஜின்களின்மேல் நம்பிக்கை வளர வளர, 1985-இல் 120 நிமிடமாயிற்று. பின்னர் 180 ஆயிற்று. சிலவகை விமானங்களுக்கு அதற்கு மேலும் அனுமதி உண்டு. அலாஸ்காவின் கோல்ட் பே என்னும் ஒதுக்குப்புறமான சிற்றூரின் ஓடுபாதை, பசிபிக்கைக் கடக்கும் விமானங்களுக்கு ஆபத்துக்கால அடைக்கலமாக விளங்குவது இதனால்தான்.

இது ஏட்டளவில் நிற்கும் விதி அல்ல. 2023 ஜூன் 6-ஆம் தேதி டில்லியிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானத்தில் 216 பயணிகளும் 16 ஊழியர்களும் இருந்தனர். ரஷ்யாவின் தூரகிழக்கே ஒரு எஞ்ஜினில் கோளாறு தோன்றிற்று. ஓகோட்ஸ்க் கடலோரத்திலுள்ள மகதான் நகரில் விமானம் பத்திரமாக இறங்கியது. எல்லோரும் உயிர் தப்பினர். ஆனால் சிறிய ஊர். தங்க இடம் போதாமல் தற்காலிகத் தங்குமிடங்களில் இரவைக் கழித்தனர். மொழி புரியாத ஊரில் கைக்குழந்தையோடு இருந்த தாய்மார்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். மும்பாயிலிருந்து வேறொரு விமானம் வந்து அவர்களை ஏற்றிச் சென்றது. ஸான் பிரான்ஸிஸ்கோவை அடையும்போது, கிளம்பி இரண்டு நாளுக்கு மேலாகிவிட்டது. மகதான் என்னும் பெயரைப் பயணிகளில் எத்தனை பேர் முன்பு கேட்டிருப்பார்கள்? விமானியின் பட்டியலில் மட்டும் அது தொடக்கத்திலிருந்தே இருந்தது. அதனால்தான் அது ஒரு செய்தியாக முடிந்தது, துயரமாக முடியவில்லை.

துருவத்துக்கு அருகே பறப்பதற்கு இன்னும் அதிக எச்சரிக்கை வேண்டும். விமான எண்ணெய் வகைகளில் ஒன்று பூஜ்யத்துக்குக் கீழ் 40 பாகையிலும், இன்னொன்று 47 பாகையிலும் உறையத் தொடங்கும். வெளியே குளிர் அதைவிடக் கடுமையாகவும் போகலாம். அவ்வழியில்தான் 2021 ஜனவரி 9-ஆம் தேதி, கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டிய ஏர் இந்தியா விமானம், ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பறந்து பெங்களூரில் இறங்கியது. இவ்விரு ஊர்களுக்கும் நூல் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். பயணம் பதினேழு மணி நேரத்துக்கும் மேல்.

எண்ணெய்க் கணக்கும் இதனோடு சேர்ந்தது. இப்பயணங்களில் ஓடிய போயிங் 777-இன் நெடுந்தூர வகை, கிளம்பும்போது அதிகபட்சம் 347 டன் எடை இருக்கலாம். அதன் தொட்டிகள் நிறைந்தால் எண்ணெய் மட்டும் சுமார் 145 டன். ஆக, மொத்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு எண்ணெய். மேலும் ஒரு டன் எண்ணெய் ஏற்றினால், அதைச் சுமப்பதற்கே மணிக்கு அதில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு எரிந்துபோகும். நீண்ட யாத்திரைக்குக் கட்டுசோறு கட்டியவன், சோற்று மூட்டையைச் சுமந்த களைப்புத் தீரவே அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவது போன்றது இது. ஆகையால் இரண்டு மணி நேரம் மிச்சம் என்றால் இரண்டு மணி நேரத்து எண்ணெய் மட்டும் மிச்சமில்லை. அதைச் சுமக்கும் எண்ணெயும் மிச்சம்.

வேலி காட்டும் தூரம்

ஆகாயம் எல்லோருக்கும் பொது என்று கவிஞர்கள் பாடலாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1944-இல் சிக்காகோவில் ஏற்பட்ட உடன்படிக்கையின் முதல் விதியே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள ஆகாயத்தில் முழு அதிகாரம் உண்டு என்பதுதான். மேலே பறக்க அனுமதி வேண்டும். பெரும்பாலும் கட்டணமும் உண்டு. அண்டை வீட்டாருடன் மனஸ்தாபம் வந்தால் வேலிக்கதவு சாத்தப்படும்.

டில்லி இந்த விஷயத்தில் சிக்கலான இடத்தில் இருக்கிறது. மேற்கே கிளம்பினால் சற்று நேரத்தில் பாகிஸ்தான். 2019 பிப்ரவரி 27-ஆம் தேதி அந்நாடு தன் ஆகாயத்தை மூடியது. ஜூலை 16-ஆம் தேதிதான் திறந்தது. அதுவரை விமானங்கள் தெற்கே இறங்கி, அரபிக் கடல் வழியாகச் சுற்றிப் போயின. ஜூலை தொடக்கம் வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் நஷ்டம் என்று மாநிலங்கள் அவையில் அமைச்சர் தெரிவித்தார். 2025 ஏப்ரல் 24-ஆம் தேதி இந்திய விமானங்களுக்கு அந்தக் கதவு மறுபடி மூடப்பட்டது. ஏப்ரல் முடிவில் இந்தியாவும் தன் ஆகாயத்தைப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடிற்று. முன்பு டில்லியிலிருந்து நிற்காமல் போன அமெரிக்க விமானங்கள் சில, எண்ணெய் நிரப்புவதற்காக ஐரோப்பாவில் நிற்க நேர்ந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்த சங்கடம் அன்று. 2022 பிப்ரவரியில் உக்ரேன் யுத்தம் தொடங்கியபின் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்யாவின் ஆகாயம் மூடப்பட்டது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்ஸிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சுமார் ஒன்பதரை மணியில் போன விமானம், அதன்பின் சுமார் பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. இரண்டு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இடைவெளி மட்டும் மூன்றரை மணி நேரம் நீண்டுவிட்டது.

வேலியை மதியாமல், அல்லது வேலி எங்கே என்று அறியாமல் போனால் என்ன நேரும் என்பதற்கும் சரித்திரம் சாட்சி சொல்லுகிறது. 1983 செப்டம்பர் 1-ஆம் தேதி அலாஸ்காவிலிருந்து ஸியோல் சென்ற கொரிய விமானம், வழி பிசகிச் சோவியத் எல்லைக்குள் புகுந்தது, சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். இன்று நம் கைப்பேசியிலும் வழிகாட்டும் அமெரிக்கச் செயற்கைக்கோள் முறையைப் பொதுமக்கள் உபயோகத்துக்கும் தருவோம் என்று அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அறிவித்தது அதையடுத்துத்தான். 2014 ஜூலை 17-ஆம் தேதி, போர் நடந்துகொண்டிருந்த கிழக்கு உக்ரேனுக்கு மேலே மலேஷிய விமானம் ஒன்று ஏவுகணையால் வீழ்ந்தது. 298 பேர் மாண்டனர். அன்று அந்த உயரத்தில் பறக்கத் தடை இருக்கவில்லை. சில கம்பெனிகள் சுற்றிப் போயின, பல கம்பெனிகள் நேரே போயின.

சீட்டில் அச்சாகும் நேரம்

இத்தனையும் கூட்டிக் கழித்த பின்னரே சீட்டில் ஒரு நேரம் அச்சாகிறது. அதுவும் பறக்கும் நேரம் மட்டும் அன்று. சக்கரத்தின் அடியில் வைத்த முட்டுக்கட்டையை எடுத்தது முதல், மறு நிலையத்தில் முட்டுக்கட்டையை வைக்கும் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும், இறங்கியபின் வாயிலுக்கு வருவதும் அதில் சேரும். பருவக் காற்றைப் பார்த்துக் கம்பெனிக்காரர்கள் சற்றுத் தாராளமாகவே எழுதுவார்கள். அதனால்தான் சில சமயம் தாமதமாகக் கிளம்பிய விமானமும் நேரத்தோடு போய்ச் சேருகிறது.

கடிகாரத்தின் குழப்பம் வேறு. கோடையில் டில்லி நேரம் ஸான் பிரான்ஸிஸ்கோ நேரத்தைவிடப் பன்னிரண்டரை மணி முந்தியது. குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி. கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 4 மணிக்கு டில்லியை விட்டுப் பதினான்கரை மணி நேரம் கிழக்கே பறப்பதாக வைத்துக்கொள்வோம். இறங்கும்போது நம் வீட்டுக் கடிகாரத்தில் ஞாயிறு மாலை ஆறரை. ஸான் பிரான்ஸிஸ்கோவிலோ அதே ஞாயிறு காலை 6 மணி. பசிபிக்கின் நடுவே சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டியபோது பயணி சனிக்கிழமைக்குத் திரும்பி, அங்கே ஒரு நள்ளிரவைக் கடந்து மறுபடி ஞாயிற்றுக்குள் வந்திருக்கிறார். நேரத்தைக் கழித்துப் பார்த்து ‘இரண்டு மணியில் அமெரிக்கா போய்விட்டான்’ என்று ஊரிலுள்ள பாட்டி வியந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

முடிவாக

எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு நூல் சொல்வது 12,400 கிலோமீட்டர். உண்மையில் விமானம் பறப்பது ஒரு நாள் 13,900, ஒரு நாள் 15,300. இடையில் கதவு சாத்தினால் அதற்கு மேலும். இந்த மிகைத் தூரத்தை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது நலம். காற்றுக்காகச் சுற்றுவது முதலாவது. அது அறிவினால் விளையும் லாபம். மலைக்கும் எஞ்ஜினுக்கும் அஞ்சிச் சுற்றுவது இரண்டாவது. மகதானில் இறங்கிய 232 உயிர்களை நினைத்தால், அந்தத் தூரத்துக்காக யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். மனிதர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட வேலிக்காகச் சுற்றுவது மூன்றாவது. இதற்கும் எண்ணெய் எரிகிறது, பணம் கரைகிறது, மணி கழிகிறது. பதிலுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. போர்க்காலத்தில் உயிருக்காக அந்தச் சுற்றும் அவசியமே. ஆனால் அதைக் குறைக்கும் வழி விமானியின் கையில் இல்லை.

நண்பர்கள் என்றேனும் அந்த நீண்ட பயணத்தை மேற்கொள்ளும்போது, இருக்கைக்கு முன்னால் ஒளிரும் படத்தில் விமானத்தின் பாதையைச் சற்று நேரம் பாருங்கள். அது எங்கெங்கே வளைகிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் உண்டு. அது இந்த மூன்றில் எதைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க முயலுங்கள். பதினைந்து மணி நேரம் கையில் இருக்கும், பொழுதும் போகும்.